மீன் தொட்டித் தண்ணீரைக் கீரை சுத்தம் செய்யுமா?

கேள்வி, பிப்ரவரி 2

10,000 லிட்டர் தார்ப்பாய்த் தொட்டியில் ஜிலேபி வளர்க்கிறேன், இப்போது 100 கிலோ மீன் இருக்கும். வாரத்தில் ஒருமுறை பாதித் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுகிறேன். கீழே வயல் வைத்திருப்பவர் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வருகிறார். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்தி வழியாகச் சுற்றவிட்டால் தண்ணீர் மாற்றவே வேண்டாம், கீரையும் கிடைக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் எவ்வளவு இடம் வேண்டும்?

பிப்ரவரி 3, காலை

பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இறங்குகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் பைப்பையெல்லாம் கழற்றி விற்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தொட்டியில் மீனைக் கொல்வது அம்மோனியா. அது மீன் சாணத்திலிருந்து வருவதைவிடச் செவுள் வழியாக வருவதுதான் அதிகம். கீரை அதை நேராக உறிஞ்சிவிடும் என்று வீடியோவில் காட்டுவார்கள். கொஞ்சம் உறிஞ்சும்தான். ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது பாக்டீரியா. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இவை ஜல்லியிலும், பைப்பின் உட்சுவரிலும், வேரிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. இவற்றுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடம், நிறைய ஆக்சிஜன், கொஞ்சம் காரம் (தண்ணீரில் அமிலத்தை முறிக்கும் சத்து). ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நாலரை கிராம் ஆக்சிஜனும், சுண்ணாம்புக்கல் கணக்கில் 7 கிராம் காரமும் செலவாகும். பாத்தியில் ஒரு செடிகூட இல்லாமல் வெறும் ஜல்லி இருந்தாலும் மீன் பிழைக்கும்.

அப்படியென்றால் கீரை எதற்கு? நைட்ரேட் மீனுக்குப் பெரிய விஷம் இல்லை, ஜிலேபி லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேலும் தாங்கும். ஆனால் அது தொட்டியில் ஏறிக்கொண்டே போகும், ஒருநாள் வாய்க்காலில் திறந்துவிடுவீர்கள். அங்கேதான் குளம் பச்சையாவது, பாசி படர்வது, ராத்திரியில் ஆக்சிஜன் இறங்கிக் குளத்து மீன் செத்து மிதப்பது எல்லாம் தொடங்குகிறது. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் மீனைக் காப்பது பாக்டீரியா, ஊர்க் குளத்தைக் காப்பது கீரை. இரண்டும் வேண்டும்.

பிப்ரவரி 3, இரவு

ஒன்று விட்டுப்போனது. பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) பார்க்காமல் அம்மோனியா அளவை மட்டும் பார்ப்பதில் பயன் இல்லை. தண்ணீர் 28 டிகிரியில் இருந்தால், பி.எச். 7ல் மொத்த அம்மோனியாவில் 0.7 சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். 8ல் அது ஆறேழு சதவீதம். 9ல் நாற்பது. தொட்டி பச்சைத் தண்ணீராக இருந்தால் மத்தியான வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துப் பி.எச்.சை 9க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். காலையில் டெஸ்ட் கிட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மூன்று மணிக்கு மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதனால் மத்தியானமும் ஒருமுறை பாருங்கள்.

பிப்ரவரி 6

இடம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். மீன் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், தொட்டியின் லிட்டரை வைத்தும் போடாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் போடுகிறீர்கள், அதுதான் கணக்கு. தொட்டிக்குள் வெளியிலிருந்து வரும் சத்து அது ஒன்றுதான்.

32 சதவீதப் புரதம் உள்ள மிதவைத் தீவனம் 1 கிலோவில் 51 கிராம் நைட்ரஜன் இருக்கிறது (புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன்). அதில் கால் பங்கு, நல்லபடியாக வளர்ந்தால் அதற்குச் சற்று மேல், மீன் உடம்பில் தங்கும். கொஞ்சம் சாணமாக அடியில் படியும். 30 கிராம் அளவுக்குத் தண்ணீரில் கரைந்து அம்மோனியாவாக நிற்கும். உங்கள் 100 கிலோ மீனுக்கு உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் என்றால் தினம் 2 கிலோ, அதாவது தினம் 60 கிராம் நைட்ரஜன்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் சிறு அமைப்புகளுக்குச் சொல்லும் அளவு, கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்குத் தினம் 40 முதல் 50 கிராம் தீவனம். காய் வகைக்கு 50 முதல் 80. அப்படிப் பார்த்தால் உங்கள் 2 கிலோவுக்கு 40 முதல் 50 சதுர மீட்டர் கீரைப் பாத்தி வேண்டும், கிட்டத்தட்ட ஒரு சென்ட். தொட்டியைவிடப் பாத்தி பல மடங்கு பெரியதாக இருக்கும். வீடியோவில் தொட்டியின் தலைமேல் நாலு பைப்பை வைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று காட்டுவது இதனால்தான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. நாலு பைப்பில் நாற்பது செடி நன்றாக வளரும், அதில் சந்தேகமே இல்லை. தண்ணீருக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

பிப்ரவரி 9

தீவனக் கணக்கு அமெரிக்கக் கணக்கு, நம் ஊருக்குச் சரிவருமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இந்தக் கணக்கின் வேர் கரீபியன் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான செயின்ட் குரோய் தீவில் இருக்கிறது. அங்கே வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி குழுவினர் பல ஆண்டுகள் ஜிலேபியையும் கீரையையும் சேர்த்து நடத்திப் பார்த்தார்கள். நாலு மீன் தொட்டி, 214 சதுர மீட்டர் மிதவைப் பாத்தி (தண்ணீரில் மிதக்கும் பலகையில் செடி, வேர் தண்ணீருக்குள்). ஒரு சதுர மீட்டருக்கு 60 முதல் 100 கிராம் தீவனம் என்று அவர்கள் சொன்னார்கள். வெப்பமண்டலத் தீவு அது, நன்னீரும் தட்டுப்பாடு. குளிர்நாட்டு ஆய்வு இல்லை, அதனால் நமக்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

அவர்களிடம் கற்க வேண்டிய இன்னொன்று: நாலு தொட்டியிலும் ஒரே வயது மீன் இல்லை. ஆறு வாரத்துக்கு ஒரு தொட்டி பிடிப்பார்கள், ஒரு தொட்டிக்கு 24 வாரம். அதனால் மொத்தத் தீவனம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், பாத்திக்கும் ஒரே சீராகச் சத்து போகும். ஒரே தொட்டி வைத்திருப்பவருக்கு முதல் மாதம் கீரை பட்டினி, கடைசி மாதம் தண்ணீர் கெடுதல். இரண்டு சிறிய தொட்டியாகப் பிரித்து மூன்று மாத இடைவெளியில் குஞ்சு விட்டால்கூட வித்தியாசம் தெரியும்.

பிப்ரவரி 11

6ஆம் தேதி எழுதிய கணக்கை ராத்திரி திரும்பப் போட்டுப் பார்த்தேன், ஒரு இடம் உறுத்துகிறது.

வள்ளைக்கீரையில் 100 கிராமுக்கு இரண்டரை கிராம் அளவுக்குப் புரதம். நைட்ரஜனாக மாற்றினால் ஒரு கிலோ பச்சைக் கீரையில் 4 கிராம். அப்படியென்றால் தினம் 60 கிராம் நைட்ரஜன் வெளியே போக, தினம் 15 கிலோ கீரை வெட்ட வேண்டும். 45 சதுர மீட்டரில் தினம் 15 கிலோவா? ஒரு சதுர மீட்டரில் மாதம் 4, 5 கிலோ வெட்டினாலே எங்கள் பக்கம் நல்ல விளைச்சல் என்போம். அந்தக் கணக்கில் தினம் ஆறேழு கிலோதான் வரும், பாதிக்கும் குறைவு.

மீதி எங்கே போகிறது? வேரிலும் தண்டிலும் கொஞ்சம். கசடு தேங்கும் இடத்தில் ஆக்சிஜன் இல்லாமல் வேறொரு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும், அதில் கணிசமாகப் போகும். மிச்சம் தண்ணீரில் ஏறும். ஆக அந்த 40, 50 கிராம் கணக்கு கீரை பசியில்லாமல் வளரப் போதுமான அளவைச் சொல்கிறது. தண்ணீர் முழுக்கச் சுத்தமாக வேண்டும் என்பவர் பாத்தியை இரண்டு மடங்காக்க வேண்டும், அல்லது மீனைப் பாதியாக்க வேண்டும். வாய்க்காலைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேள்வி கேட்டவருக்கு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இதிலிருந்து வருவதுதான் நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. செடி வளர்வதால் தண்ணீர் சுத்தமாவதில்லை. செடியை வெட்டித் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்பும்போதுதான் சுத்தமாகிறது. பாத்தியில் முற்றிப் பழுத்து உதிரும் இலை, உறிஞ்சிய அத்தனையையும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடும்.

பிப்ரவரி 12

அசோலா பற்றிக் கேட்டவருக்கு: அசோலா காற்றிலிருந்தே நைட்ரஜன் எடுக்கும், இந்த வேலைக்கு அது பொருத்தமில்லை. பாசிலை (தண்ணீரில் மிதக்கும் பொடி இலை) நன்றாக உறிஞ்சும். ஆனால் அள்ளி அதே தொட்டி மீனுக்குப் போட்டால் நைட்ரஜன் ஒரு சுற்றுச் சுற்றி அதே தண்ணீருக்கு வந்து சேரும். அந்த அளவுக்குக் கடைத் தீவனத்தைக் குறைத்தால் பலன் உண்டு. கூடுதலாகப் போட்டால் இல்லை. கோழிக்கும் மாட்டுக்கும் போடுங்கள், அது வெளியே போன கணக்கு.

பிப்ரவரி 17

எந்தக் கீரை? இதில் எனக்குத் தயக்கமே இல்லை, வள்ளைக்கீரை. இலங்கையில் கங்குன் என்று எல்லாச் சந்தையிலும் விற்பது இதுதான். தண்ணீரிலேயே பிறந்து வளரும் கொடி, தண்டு உள்ளே குழாய் மாதிரி இருப்பதால் மிதக்கும், ஒரு சாண் தண்டை ஒடித்துப் போட்டால் கணுவுக்குக் கணு வேர்விடும், நாம் வெட்ட வெட்டப் பக்கத்தில் இரண்டாகக் கிளைக்கும். நம் வெயில் அதற்குப் பிரியம். அமெரிக்காவில் இதைக் கேடு விளைவிக்கும் களை என்று மத்திய அரசுப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குப் படரும். அந்த வேகம்தான் நமக்கு வேண்டியது. ஆனால் ஒரு துண்டுகூட ஓடையிலோ ஏரியிலோ போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பொன்னாங்கண்ணி. ஈரத்தில் வளரும் நாட்டு வகை, சந்தையில் வள்ளைக்கீரையைவிட நல்ல விலை, வெட்டினால் திரும்பத் தழைக்கும். வேகம் கொஞ்சம் குறைவு. ஓரத்தில் நிழல் விழும் இடத்தில் வல்லாரை வைக்கலாம். தண்டுக்கீரை, சிறுகீரை மிதவையில் நிற்காது, ஜல்லிப் பாத்தியில் நன்றாக வரும், ஆனால் ஒருமுறை பிடுங்கினால் முடிந்தது, மறுபடி விதைத்து அது வேர்பிடிக்கும் வரை பாத்தி சும்மா கிடக்கும். அந்த நாட்களில் மீன் மட்டும் சும்மா இருக்காது. ஆகவே பிடுங்கும் கீரையை நாலு பங்காக்கி வாரத்துக்கு ஒரு பங்கு விதையுங்கள்.

லெட்யூஸ் வேண்டாம். நம் தண்ணீர் மாசி கடந்தாலே 28, 30 டிகிரிக்கு வந்துவிடும். வேர் அழுகும், கசக்கும், சீக்கிரம் பூத்தண்டு எழுப்பும். சென்னை ஓட்டல்களுக்கு விற்கலாம் என்று ஆரம்பித்தவர்கள் குளிரூட்டி வாங்கி அதற்கு மின்கட்டணம் கட்டி ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

தக்காளி, மிளகாய் கேட்பவர்களுக்கு: வைக்கலாம், ருசியாகவும் இருக்கும். பூக்கும்போது பொட்டாசியம் நிறையக் கேட்கும், மீன் தீவனத்தில் அது ரொம்பக் குறைவு. தண்ணீர் சுத்தம்தான் நோக்கம் என்றால் இலைதான் முதல் தேர்வு.

பிப்ரவரி 18

வேர் நீளமாகத் தொட்டிக்குள் தொங்கினால் ஜிலேபி ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடும். மீன் இருக்கும் தொட்டியிலேயே மிதவை போடுவதாக இருந்தால் கீழே வலை கட்டுங்கள்.

பிப்ரவரி 24

கசடு. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்காததுதான் கவலை.

மீன் சாணமும் தின்னாமல் ஊறிய தீவனமும் சேர்ந்த வண்டலை அப்படியே பாத்திக்கு அனுப்பினால் முதல் மாதம் கீரை கருகருவென்று வளரும். அதைப் பார்த்து எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிடும். பிறகு ஜல்லி இடுக்கு அடைக்கும், வேரின் மேல் பழுப்பாகக் கொழகொழவென்று ஒட்டும், அழுகிய முட்டை வாடை வரும். வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். பயோஃபிளாக் தொட்டித் தண்ணீரைக் கீரைக்கு விடுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், அங்கே தண்ணீரே நுண்ணுயிர்க் கட்டிகளால் ஆனது.

எங்கள் தோட்டத்தில் தொட்டிக்கும் பாத்திக்கும் நடுவில் அடி கூம்பான 200 லிட்டர் நீல டிரம் இருக்கிறது. தண்ணீர் அதில் மெதுவாகச் சுழன்று மேலே வழியும், வண்டல் நடுவில் இறங்கும். அதற்கு அடுத்த டிரம்மில் பழைய மீன்வலையைச் சுருட்டித் திணித்திருக்கிறேன், நுண்ணிய தூசு அதில் மாட்டும், பாக்டீரியாவுக்கும் அதுவே வீடு. கூம்பின் அடி வால்வைத் தினமும் காலையில் ஒருமுறை திறந்துவிட வேண்டும். வரும் கருப்புத் தண்ணீரை வேறொரு டிரம்மில் பிடித்து, காற்றுக்கல் போட்டு இரண்டு வாரம் விட்டால் வாடை போய்விடும். பாஸ்பரஸின் பெரும்பகுதி இந்த வண்டலில்தான் இருக்கிறது. தென்னைக்கும் வாழைக்கும் ஊற்றுகிறோம். கோடையில் ஏரி வண்டலை வண்டி கட்டி வயலுக்கு அடித்த ஊர்களில் இதன் மதிப்பை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வாய்க்காலில் நாற்றம் என்று உங்கள் கீழ்வயல்காரர் சொல்வது இந்த வண்டலைத்தான். கீரை வைப்பதற்கு முன்னால் இந்த டிரம்மை வைத்துவிடுங்கள். சண்டையில் பாதி அதிலேயே அடங்கும்.

மார்ச் 5

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது என்று படம் போட்டிருக்கிறார் ஒருவர். இளம் இலையில் அப்படி வந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் இரும்பும் பொட்டாசியமும் கால்சியமும் செடிக்குப் போதுமான அளவு இருக்காது. மீனுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் போடுவார்கள்.

உங்கள் போர்த் தண்ணீர் பி.எச். 8.2 என்கிறீர்கள், அந்த நிலையில் இரும்பு ஆணியைப் போட்டாலும் இரும்பு சல்பேட்டைக் கரைத்து ஊற்றினாலும் துருவாக அடியில் படியும், வேருக்குப் போகாது. கடையில் செலேட் இரும்பு (துருவாகப் படியாமல் கரைந்தே நிற்கும் வகை) என்று கேளுங்கள். ஈ.டி.டி.ஏ. வகை இந்த பி.எச்.சில் நிற்காது. டி.டி.பி.ஏ. ஏழரை வரை நிற்கும். அதற்கும் மேலே என்றால் ஈ.டி.டி.எச்.ஏ., அது தண்ணீரைச் சிவப்பாக்கும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு என்ற அளவில் போடுவது வழக்கம்.

பாக்டீரியா காரத்தைத் தின்பதால் நாளாக ஆக பி.எச். தானாக இறங்கும். போர்த் தண்ணீர் கடினமாக இருப்பவர்களுக்கு இது மெதுவாக நடக்கும், மழைநீரில் நடத்துகிறவர்களுக்கு விறுவிறுவென்று 6க்கும் கீழே போய் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். 7க்குக் கீழே போனதும் ஒருநாள் சுண்ணாம்பு, இன்னொரு நாள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது பொட்டாசியம் கார்பனேட் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சமாகக் கொடுத்தால் காரமும் ஏறும், செடிக்குக் கால்சியமும் பொட்டாசியமும் கிடைக்கும். செயின்ட் குரோயில் செய்ததும் இதுதான். வாளித் தண்ணீரில் கரைத்து, மீன் இல்லாத இடத்தில் ஊற்றுங்கள். ஹைட்ராக்சைடு கையை அரிக்கும், உறை போடாமல் தொடாதீர்கள்.

மார்ச் 6

நைட்ரைட் ஏறினால் கல் உப்பு போடு என்று மீன்காரர்கள் சொல்வார்கள். மீனுக்கு அது சரி, குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் விடாது. கீரை சுற்றும் தண்ணீரில் போட்டால் சோடியம் எங்கும் போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும், பிறகு இலை ஓரம் கருகும். கால்சியம் குளோரைடு போடுங்கள், அதே குளோரைடு கிடைக்கும், கால்சியம் செடிக்குப் போகும்.

மார்ச் 15

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார், வளவுக்குள் தொட்டி வைத்து மிச்சத் தண்ணீரை மண்ணில் விடலாமா என்று. அக்கா, தயவுசெய்து விடாதீர்கள். உங்கள் குடாநாட்டில் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது, மேலே விடுவது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போகும். உரத்தாலும் மலக்குழிகளாலும் அங்கே பல கிணறுகளில் நைட்ரேட் ஏற்கெனவே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி இருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து. நீங்கள் மூடிய சுற்றாகவே நடத்துங்கள், தீவனத்தைக் குறைத்து, கங்குன் பாத்தியை பிப்ரவரி 11ஆம் தேதிக் குறிப்பில் சொன்னபடி இரண்டு மடங்காக வைத்து. வண்டலையும் மண் தரையில் ஊற்றாமல் மூடிய தொட்டியில் இலைதழையோடு மக்கவிட்டு உரமாக்குங்கள்.

மார்ச் 27

இந்த இழை முழுக்கச் சுற்றவிடுவது, சுற்றவிடுவது என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். நிலம் இருப்பவருக்குச் சுற்றவிடுவது அவசியமா என்று இப்போது யோசிக்கிறேன்.

டெல்டாவில் பண்ணைக் குட்டை வைத்துக் கட்லா, ரோகு வளர்ப்பவர் குட்டைத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் கீரைக்கும் பாய்ச்சிவிட்டு, குட்டைக்குப் புதுத் தண்ணீர் இறைக்கலாம். மீனுக்கு ஏற்ற பி.எச்., செடிக்கு ஏற்ற பி.எச். என்ற இழுபறி இல்லை. இரும்புச் சத்தை மீன் தண்ணீரில் கலக்க வேண்டாம். மண்ணே பாதி வேலையைச் செய்யும். ஒரே நிபந்தனை, பாய்ச்சும் அளவு பயிருக்குத் தேவையான அளவாக இருக்க வேண்டும், வயலைத் தாண்டி வாய்க்காலுக்கு வழியக் கூடாது. மாடித்தோட்டத்துக்கும், தண்ணீர் விலைக்கு வாங்கும் இடத்துக்கும், யாழ்ப்பாணத்து அக்கா வீட்டுக்கும் மூடிய சுற்று. கிணறும் அரை ஏக்கரும் இருப்பவருக்கு ஒருவழிப் பாசனம். கேள்வி கேட்டவருக்குப் பின்னால் நிலம் இருக்கிறதா என்று நான் முதலிலேயே கேட்டிருந்தால் இவ்வளவு பைப் பேச்சு தேவைப்பட்டிருக்காது.

ஏப்ரல் 4

வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணையில் வேலை செய்யும் தம்பி, உப்புத் தண்ணீருக்கு என்ன கீரை என்கிறார். உமரி. கடலோரத்தில் துவையலுக்கும் கூட்டுக்கும் பறிப்பதுதான், வேறெங்கும் தேட வேண்டாம். உப்பில் வளரும் இந்தச் செடிகள் இறால் கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை நன்றாக எடுக்கும் என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்டது. 1990களின் கடைசியில் எரித்திரியாவின் மசாவா கடற்கரையில் கார்ல் ஹாட்ஜஸ் என்பவர் பெரிய அளவிலேயே செய்தார், கடல்நீர் முதலில் இறால் குளங்களுக்கு, அங்கிருந்து உமரி இனத்துச் சாலிகோர்னியா வயல்களுக்கு, கடைசியில் அலையாத்திக் காட்டுக்கு. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது, ஆனால் தண்ணீர் ஓடிய வரிசை சரியான வரிசை.

நாகை மாவட்டத்துக்கு இது வெறும் விவசாயக் கேள்வி இல்லை. இறால் பண்ணைக் கழிவும் உப்பும் நன்செய்யையும் குடிநீரையும் கெடுத்ததை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அந்தக் கடற்கரையில் இன்று பண்ணை நடத்துகிறவர் தன் வாய்க்கால் ஓரத்தில் உமரி வைத்தால் நான் மனதாரச் சந்தோஷப்படுவேன். தம்பி, உமரியில் உப்பு அதிகம், சமைக்கும்போது உப்பே போட வேண்டாம் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லி விற்கவும்.

ஏப்ரல் 12

சாப்பிடலாமா, பாதுகாப்பா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மீன் குளிர் ரத்தப் பிராணி, மாட்டுச் சாணத்தில் வரும் ஈ.கோலை அதன் குடலில் இயல்பாகக் குடியிருப்பதில்லை. அதற்காகக் கவலையே இல்லை என்று இல்லை. 2020ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வில் நச்சு உண்டாக்கும் ஈ.கோலையை இப்படிப்பட்ட அமைப்பின் தண்ணீரிலும் மீன் கழிவிலும் வேரின் மேலும் கண்டிருக்கிறார்கள். பறவை எச்சம், எலி, கழுவாத கை, இவை வழியாக வரும். தொட்டிக்கு மேல் வலை, தண்ணீர் இலையில் படாமல் வேரில் மட்டும் படும் அமைப்பு, வெட்டும் கத்தி தனி, இவ்வளவும் செய்யுங்கள். சத்து போதவில்லை என்று சாணக் கரைசல், பஞ்சகவ்யம் எதையும் இந்தத் தண்ணீரில் கலக்காதீர்கள், வயலுக்கு நல்லதுதான், இங்கே வேண்டாம். மீனுக்கு நோய் என்று மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் பாக்டீரியாவும் சாகும், கீரையையும் விற்க முடியாது.

நத்தை இருக்கும் குட்டையில் விளைந்த வள்ளைக்கீரையைப் பச்சையாகத் தின்னக் கூடாது, குடல் தட்டைப்புழு ஒட்டியிருக்கலாம். வேகவைத்தால் பயமில்லை. இன்னொன்று, இது ஈயம், காட்மியம் போன்றவற்றையும் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்ளும் கீரை. நல்ல தண்ணீரும் நல்ல தீவனமும் போடும் மீன் தொட்டியில் அவை சேர வாய்ப்பு குறைவு. கொல்கத்தாவுக்குக் கிழக்கே நகரக் கழிவுநீரிலேயே மீனும் காயும் வளர்க்கிறார்களே என்று ஒருவர் உதாரணம் காட்டினார், 12,500 ஹெக்டேர் ஈரநிலம், ராம்சர் பட்டியலில் 2002லிருந்து இருக்கிறது, வியந்து பார்க்க வேண்டிய இடம். ஆனால் சாக்கடை நீர் வேறு, தீவனம் மட்டும் போடும் தொட்டி வேறு. சாயப்பட்டறை, தோல் பட்டறை ஊர்களில் வாய்க்கால் தண்ணீரை எடுத்து மீனும் கீரையும் வளர்ப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

இலையில் தங்கும் நைட்ரேட்டுக்கு எளிய வழி இருக்கிறது. வெளிச்சத்தில்தான் செடி நைட்ரேட்டைப் புரதமாக்கும். விடியற்காலையில் வெட்டிய கீரையில் அது அதிகம், நாள் முழுக்க வெயில் குடித்த பிறகு குறைவு. சாயங்காலம் வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி வைத்துக் காலைச் சந்தைக்குக் கொண்டுபோங்கள்.

ஏப்ரல் 20

கோடை வந்துவிட்டது, தண்ணீர் 32 டிகிரி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே தங்கும், அதே நேரத்தில் மீனும் பாக்டீரியாவும் வேரும் வண்டலும் கூடுதலாகக் கேட்கும். கரண்ட் போனால் முன்பு இரண்டு மணி நேரம் தாங்கிய தொட்டி இப்போது அரைமணிகூடத் தாங்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இல்லாமல் ஏப்ரல், மே மாதங்களைக் கடக்க நினைக்காதீர்கள். ராத்திரித் தீவனம் வேண்டாம். பிப்ரவரி 6ஆம் தேதி 2 சதவீதத் தீவனம் என்று போட்ட கணக்கைக் கோடைக்கு ஒன்றரையாக எடுத்துக்கொள்ளுங்கள், பாத்திக்கும் அந்த அளவே போதும்.

மே 3

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார், ரொம்பச் சந்தோஷம். டிரம் வைத்துவிட்டார், பின்னால் 20 சென்ட் காலி நிலம் இருக்கிறதாம், அதில் பாதியில் வாழை. தொட்டியோடு சேர்த்து 20 சதுர மீட்டருக்கு வள்ளைக்கீரை மிதவை. நைட்ரேட் 80லிருந்து இறங்கவில்லை, கீரை இடுப்புயரம் வளர்ந்து அழகாக இருக்கிறது, வெட்ட மனம் வரவில்லை, யாருக்கு விற்பது என்றும் தெரியவில்லை என்கிறார்.

அண்ணா, பாத்தி நான் சொன்னதில் பாதி அளவுதான், அதோடு இடுப்புயரம் வளர விட்டதாலும்தான் இறங்கவில்லை. முற்றிய கொடி உறிஞ்சுவதைக் குறைத்துவிடும், அடியில் இலை அழுகத் தொடங்கியிருக்கும், விரலை விட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே இரண்டு கணு விட்டு எல்லாவற்றையும் வெட்டுங்கள். ஒரே நாளில் வேண்டாம், மூன்று பாகமாக, வாரத்துக்கு ஒரு பாகம். இந்த முதல் வெட்டு முற்றல், மாட்டுக்குப் போடுங்கள், அல்லது வாழை அடியில் மூடாக்காகப் போடுங்கள், தொட்டிப் பக்கம் மட்டும் குவிக்காதீர்கள். மூன்று வாரம் கழித்து வரும் இளந்தண்டைக் கட்டாகக் கட்டி நாலு மெஸ்ஸுக்கும் ஒரு பள்ளி விடுதிக்கும் சும்மாவே கொடுத்துப் பாருங்கள். பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் பெரிய தீயில் இரண்டு நிமிடம் வதக்கினால் போதும் என்று செய்முறையையும் சொல்லிக் கொடுங்கள், சமைக்கத் தெரியாததால்தான் பல பேர் வாங்குவதில்லை. விற்காத வாரத்திலும் வெட்டை நிறுத்த வேண்டாம்.

80 என்பது நைட்ரேட்டாகவா, நைட்ரேட் நைட்ரஜனாகவா என்று கிட் அட்டையில் பார்த்துச் சொல்லுங்கள், இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம். நைட்ரேட்டாக 80 என்றால் பயமே இல்லை, வாரம் 1,000 லிட்டரை வாழைக்குப் பாய்ச்சிவிட்டு அந்த அளவுக்குப் புதுத் தண்ணீர் விடுங்கள். வாய்க்கால் மடையை அடைத்துவிடலாம். கீழ்வயல்காரருக்கு முதல் கட்டுக் கீரையை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.